எண்களின் வரலாறு – 23: தேவ்லாலி வாத்தியாரின் சுயம்பு எண்கள்

1949ஆம் ஆண்டு மதராஸில் ஒரு கணித மாநாடு நடந்தது. நாசிக்குக்குப் பக்கத்தில் உள்ள தேவ்லாலி என்னும் கண்டோன்மென்ட் ஊரிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அங்கே வந்திருந்தார். பெயர் தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேக்கர். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு தாம் கண்டுபிடித்த ஒன்றை அந்தச் சபையில்தான் அவர் அறிவித்தார்.

நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். நான்கு இலக்கமும் ஒன்றே போல இருக்கக் கூடாது. வேறு நிபந்தனை இல்லை. இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி ஓர் எண், சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி இன்னோர் எண். பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். வந்த விடையை மறுபடி அதேபோல் அடுக்கி, மறுபடி கழிக்க வேண்டும். மாநாடு நடந்த ஆண்டையே போட்டுப் பார்ப்போம். 9941-இல் 1499 போனால் 8442. 8442-இல் 2448 போனால் 5994. 9954-இல் 4599 போனால் 5355. 5553-இல் 3555 போனால் 1998. 9981-இல் 1899 போனால் 8082. 8820-இல் 0288 போனால் 8532. 8532-இல் 2358 போனால் 6174.

இதோடு கணக்கு நின்றுவிடும். 7641-இல் 1467 போனால் மறுபடியும் 6174-தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் இங்கே வந்து சேர்ந்தாக வேண்டும். 1949 அந்த ஏழு படியையும் முழுதாக எடுத்துக்கொண்ட எண்களில் ஒன்று.

6174-ஐ இன்று பள்ளிப் பிள்ளைகள்கூட அறிவார்கள். கப்ரேக்கர் மாறிலி என்று அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. ஆனால் என் கணக்கில் கப்ரேக்கரின் மிக ஆழமான கேள்வி அதுவல்ல. அவர் அதே காலத்தில் தொடங்கி, ஆயுள் முழுவதும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த வேறொரு கேள்வி உண்டு. இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

இத்தொடரில் இதுவரை பார்த்த வரிசைகள் எல்லாம் எண்ணின் மதிப்பை வைத்து வளர்ந்தவை. ஃபிபொனாச்சி வரிசையில் முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்தது. அதை ரோமானிய எழுத்தில் எழுதினாலும் கம்ப்யூட்டர் போல 0, 1 மட்டும் வைத்து எழுதினாலும் வரிசை மாறாது. கப்ரேக்கரின் வரிசைகள் அப்படிப்பட்டவை அல்ல. எண்ணை எப்படி எழுதுகிறோமோ அந்த எழுத்திலிருந்தே அடுத்த எண் பிறக்கிறது. வரிசை தன் உடம்பைத் தானே படித்து மேலே நகர்கிறது.

முதலில் மனிதரைப் பற்றிச் சில வரிகள். 1905 ஜனவரி 17 அன்று பம்பாய்க்கு வடக்கே தஹானுவில் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். தந்தை எழுத்தர், ஜோதிடத்தில் பிரியம் உள்ளவர். ஜோதிடத்துக்குக் கணக்கு வேண்டும் அல்லவா, மகனுக்கு எண்களின் மேல் வந்த ஆசை அந்த வீட்டில் தொடங்கியது. பள்ளிப் படிப்பு தாணேயில். 1923-இல் புனேயின் ஃபெர்குசன் கல்லூரியில் சேர்ந்தார். 1927-இல் ராங்லர் பராஞ்சபே பெயரிலான கணிதப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1929-இல் பட்டம். அதற்கு மேல் அவர் படிக்கவில்லை. மறு ஆண்டே தேவ்லாலியில் ஆசிரியர் வேலை. 1962-இல் ஓய்வு பெறும்வரை அங்கேயேதான்.

அவருக்கு ரயில் பாதையோடு ஓர் உறவு உண்டு என்று சொல்லத் தோன்றுகிறது. 121, 12321, 1234321 போன்ற எண்களை அவர் ஆராய்ந்தார். 11-இன் வர்க்கம், 111-இன் வர்க்கம், 1111-இன் வர்க்கம் என்று வருபவை அவை. அவற்றையும் அவற்றின் உறவுக்கார எண்களையும் 'டெம்லோ எண்கள்' என்று அழைத்தார். பம்பாயிலிருந்து முப்பது மைல் தள்ளி உள்ள ஸ்டேஷனின் பெயர் அது, இன்றைய டோம்பிவிலி. அங்கே இருந்தபோதுதான் அவற்றை ஆராய வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. ரயில் மொழி இன்னொரு முறையும் அவர் கணக்கில் நுழைந்தது. அதைச் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்.

இனி அந்தக் கேள்வி. ஓர் எண்ணோடு அதன் இலக்கங்களைக் கூட்ட வேண்டும். அவ்வளவுதான் விதி. 16-ஐ எடுத்தால் 1-உம் 6-உம் சேர்ந்து 7. 16-உம் 7-உம் 23. இருபத்து மூன்றோடு அதன் இலக்கங்களான 2, 3 சேர்ந்தால் 28. அடுத்து 38, 49, 62, 70, 77, 91, 101, 103, 107, 115 என்று போய்க்கொண்டே இருக்கும். கப்ரேக்கர் இதை இலக்கக் கூட்டல் வரிசை என்ற பொருளில் ஆங்கிலத்தில் தாமே ஒரு புதுச்சொல் செய்து வழங்கினார்.

கொஞ்ச தூரம் போனதுமே இதன் முதல் அழகு தெரியும். வரிசையில் உள்ள எல்லா எண்களின் எல்லா இலக்கங்களையும் கூட்டினால் எவ்வளவு? ஒவ்வொன்றாய்க் கூட்ட வேண்டியதில்லை. கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்து, கடைசி எண்ணின் இலக்கங்களை மட்டும் சேர்த்தால் போதும். 16 முதல் 49 வரை எடுத்தால் 49-இல் 16 போக 33; அதோடு 4-உம் 9-உம் சேர 46. கூட்டிச் சரிபார்க்கலாம்: 7, 5, 10, 11, 13. ஆம், 46. ஒவ்வொரு படியிலும் ஏறிய உயரம்தான் அந்தந்த எண்ணின் இலக்கக் கூட்டுத்தொகை. ஆகவே மொத்தம் ஏறிய உயரத்தை அளந்தால் கூட்டலும் முடிந்துவிடுகிறது.

இரண்டாவது அழகு, பின்னோக்கிப் பார்க்கும்போது வருகிறது. 16 எங்கிருந்து வந்தது? 8-இலிருந்து. எட்டு நான்கிலிருந்து, நான்கு இரண்டிலிருந்து, இரண்டு ஒன்றிலிருந்து. ஒன்று? அதற்கு முன்னால் எதுவும் இல்லை. எந்த நேர்ம முழு எண்ணோடும் அதன் இலக்கங்களைக் கூட்டி 1-ஐப் பெற முடியாது. 3-உம் அப்படித்தான், 5, 7, 9 எல்லாமே அப்படித்தான். 20-ஐ எடுத்துப் பாருங்கள். 10 தருவது 11, 15 தருவது 21, 19 தருவது 29. எந்த எண்ணும் 20-ஐத் தராது. தாய் எண் இல்லாமல் தானே நிற்கும் இந்த எண்களைத்தான் கப்ரேக்கர் தம் ஊர்ப் பெயரால் 'தேவ்லாலி எண்கள்' என்று அழைக்க விரும்பினார். உலக வழக்கில் நிலைத்த பெயரைத் தமிழில் சுயம்பு எண்கள் என்று சொல்வதே பொருந்தும்.

நூறுக்குள் பதின்மூன்று சுயம்பு எண்கள் உண்டு: 1, 3, 5, 7, 9, 20, 31, 42, 53, 64, 75, 86, 97. ஒன்பதுக்குப் பிறகு பதினொன்று பதினொன்றாகத் தாண்டிப் போவது கண்ணில் படும். காரணம் எளிது. ஓர் எண்ணின் பத்தாம் இடத்து இலக்கத்தை ஒன்று ஏற்றினால் மதிப்பு 10 கூடும், இலக்கக் கூட்டுத்தொகை 1 கூடும். அது பெற்றுத்தரும் எண் 11 கூடும். 12 தருவது 15; 22 தருவது 26. பிள்ளைகள் பதினொன்று பதினொன்றாக நகரும்போது, பிள்ளைகள் இல்லாத இடைவெளிகளும் அப்படியே நகர்கின்றன. நூறு தாண்டும் இடத்தில் இந்த ஒழுங்கு உடைகிறது. 97-க்குப் பின் 108 வரும். அடுத்ததாக 119 வர வேண்டிய இடத்தில் 110 வந்து நிற்கும். இலக்கம் ஒன்று கூடும் எல்லைகளில் என்ன நடக்கிறது என்பதில்தான் இந்தக் கணக்கின் உயிரே இருக்கிறது.

பெரிய எண் ஒன்று சுயம்புவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முன்னால் உள்ள எல்லா எண்களையும் சோதிக்கத் தேவையில்லாத ஒரு வழி உண்டு. 1974-ஐப் பார்ப்போம். இலக்கங்களைக் கூட்டினால் 21. அதையும் கூட்டினால் 3. இது ஒற்றைப்படை, ஆகவே 9 சேர்த்துப் பாதியாக்க வேண்டும்: 6. (இரட்டைப்படையாய் இருந்தால் அப்படியே பாதியாக்கலாம்.) 1974-இல் 6 போக 1968. இது 1974-ஐத் தருகிறதா? 1968-உம் 24-உம் 1992. இல்லை. இனி ஒன்பது ஒன்பதாகக் கழித்தபடி போக வேண்டும். 1959 தருவது 1983. 1950 தருவது 1965. 1941 தருவது 1956. 1932 தருவது 1947. எத்தனை இலக்கமோ அத்தனை முறை ஒன்பதைக் கழித்தாயிற்று. எதுவும் 1974-ஐத் தரவில்லை. ஆகவே 1974 சுயம்பு. ஐந்தே சோதனையில் முடிந்தது. ஓர் எண்ணையும் அதன் இலக்கக் கூட்டுத்தொகையையும் 9-ஆல் வகுத்தால் ஒரே மீதிதான் வரும் என்று சிறுவயதில் கூட்டலைச் சரிபார்க்கக் கற்ற விதிதான் இதன் அடியில் வேலை செய்கிறது. மீதி தெரிந்துவிட்டால் தாய் எண் எங்கெங்கே இருக்கக்கூடும் என்பதும் தெரிந்துவிடும்.

சுயம்புகளின் வரிசை எங்கேயாவது நின்றுவிடுமா? நிற்காது. 9-இல் தொடங்கி 88 சேர்த்தால் 97. அதோடு 808 சேர்த்தால் 905. அதோடு 8008 சேர்த்தால் 8913. அதோடு 80008 சேர்த்தால் 88921. எல்லாமே சுயம்பு. இந்த ஏணிக்கு முடிவே இல்லை.

தாயே இல்லாத எண்கள் ஒருபுறம் இருக்க, இரண்டு தாய் உள்ள எண்களும் உண்டு. 101-ஐப் பாருங்கள்: 91-உம் அதைத் தரும், 100-உம் தரும். இவற்றுக்குத்தான் கப்ரேக்கர் 'ஜங்ஷன்' எண்கள் என்று பெயர் வைத்தார். ரயில் பாதையோரத்து ஊர்க்காரர் வைத்த பெயர், மிகச் சரியான பெயர். 1-இல் கிளம்பும் வரிசை 103-ஐத் தாண்டி 107-க்கு வருகிறது. 7-இல் கிளம்பும் வரிசை 14, 19, 29, 40, 44, 52, 59, 73, 83, 94 என்று தனிப் பாதையில் ஓடி அதே 107-க்கு வருகிறது. அதன்பின் இரண்டும் ஒரே பாதை. 5-இல் கிளம்புவது இன்னும் நெடுந்தூரம் தனியே ஓடும். 598-லிருந்து அது 620-க்கு வரும்போது, 1-இல் கிளம்பியது 607-லிருந்து அங்கே வந்து சேரும். காகிதமும் பென்சிலும் எடுத்து இந்த 620 வரை ஒரு முறை நடந்து பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். படித்துத் தெரிந்துகொள்வதும் கையால் போய்ச் சேர்வதும் ஒன்றல்ல.

ஆனால் 3-இல் கிளம்பியது இவற்றோடு ஒருநாளும் சேராது. 3, 6, 12, 15, 21, 24, 30, 33, 39, 51 என்று எவ்வளவு தூரம் போனாலும் அது 3-ஆல் வகுபடும் எண்களிலேயே ஓடும். 9-இல் கிளம்பியது 9-ஆல் வகுபடும் எண்களிலேயே ஓடும். 1-இல் கிளம்பியது 3-ஆல் வகுபடும் ஓர் எண்ணையும் தொடாது. மூன்றும் ஒன்றையொன்று வெட்டாத மூன்று பாதைகள்.

மூன்று தாய் உள்ள மிகச் சிறிய எண் எது? பதினான்கு இலக்கத்துக்குப் போக வேண்டும்: 10000000000001. அதன் தாய்கள் 10000000000000, 9999999999901, 9999999999892. நடுவில் உள்ளதைச் சரிபார்ப்போம்: பதினொரு ஒன்பதுகள் சேர்ந்து 99, கடைசி ஒன்றைச் சேர்த்தால் 100, எண்ணோடு நூறைக் கூட்டினால் வேண்டியது வந்துவிடும். நான்கு தாய் உள்ள மிகச் சிறிய எண்ணுக்கு 25 இலக்கம்: ஒன்று போட்டு, இருபத்தொரு சுன்னம் போட்டு, 102 என்று முடிக்க வேண்டும். இதைக் கப்ரேக்கர் கண்டது 1961 ஜூன் 7 அன்று. பள்ளி ஆசிரியர், கம்ப்யூட்டர் கிடையாது, 25 இலக்க எண். எல்லையில் ஒன்பதுகள் சுன்னங்களாக மாறும் அந்த நொடியில் இலக்கக் கூட்டுத்தொகை எப்படிச் சரிகிறது என்பதை அவர் அவ்வளவு நன்றாகப் புரிந்து வைத்திருந்தார். அதனால்தான் தேடாமலே அங்கே போய் நிற்க முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

இவ்வளவும் செய்தவரை நம் நாட்டுக் கணித உலகம் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. அவருடைய கட்டுரைகள் பெரும்பாலும் சிறிய இதழ்களில் வந்தன. நியூயார்க்கிலிருந்து வெளிவந்த 'ஸ்கிரிப்டா மேத்தமேட்டிகா' இடம் கொடுத்தது. சுயம்பு எண்களைப் பற்றி 1959-இலும் 1963-இலும் தாமே சிறு நூல்கள் அச்சிட்டுத் தேவ்லாலியிலிருந்து வெளியிட்டார்.

இந்தப் பாராமுகத்துக்குப் பின்னால் ஒரு கொள்கை இருந்தது. அதைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. நம் ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டி, 1940-இல் 'எ மேத்தமேட்டிஷியன்ஸ் அபாலஜி' என்ற நூலை எழுதினார். அதில் இரண்டு உதாரணங்கள் தந்தார். ஒன்று, நான்கு இலக்க எண்களில் தம் தலைகீழ் எண்ணின் மடங்காக வருபவை 8712-உம் 9801-உம் மட்டுமே என்பது. இன்னொன்று, தம் இலக்கங்களின் கனங்களைக் கூட்டினால் தாமே வரும் 153, 370, 371, 407 என்ற எண்கள். இவை பத்திரிகைப் புதிர்ப் பகுதிக்கு ஏற்றவை, கணிதவியலாளனின் மனத்தைத் தொடும் எதுவும் இவற்றில் இல்லை என்பது ஹார்டியின் தீர்ப்பு. கப்ரேக்கர் தம் வாழ்நாளைக் கொடுத்த நிலம் முழுவதும் இந்தத் தீர்ப்பின் கீழ் வந்துவிடுகிறது.

ஹார்டியின் வாதம் லேசானதல்ல. பத்து இலக்கம் வைத்து எழுதுவது நம் பழக்கம்; எட்டு வைத்து எழுதியிருந்தால் 6174-க்கு அந்தப் பெருமை இல்லை. எண்ணின் இயல்பை விட்டு அதன் எழுத்தை ஆராய்வதில் பொதுமை இல்லை என்பது அவர் கட்சி. ஆனால் சுயம்பு எண்களுக்கு இந்த வாதம் பொருந்தாது என்பது என் துணிபு. கேள்வி பத்தோடு கட்டுப்பட்டதே அல்ல. இரண்டே இலக்கத்தில் எழுதினாலும் சுயம்புகள் உண்டு: 1, 4, 6, 13, 15 என்று அவை தொடரும். மூன்று, ஐந்து, ஏழு போன்ற ஒற்றைப்படை அடிமானத்தில் எழுதினால் எந்த எண்ணும் அதன் இலக்கக் கூட்டுத்தொகையும் சேர்ந்து எப்போதும் இரட்டைப்படைதான். ஆகவே ஒற்றைப்படை எண் ஒவ்வொன்றும் சுயம்பு. அடிமானம் மாற மாறப் பதில் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. ஒரு செயலால் எட்ட முடியாத எண்கள் எவை, எத்தனை, எப்படிப் பரவியிருக்கின்றன என்று கேட்பது கணிதத்தின் நடுக்கூடத்துக் கேள்வி. அதைத் தேவ்லாலியில் இருந்து கேட்டதாலேயே அது புதிராகிவிடாது.

காலம் அவர் பக்கம் திரும்பியது. 1973-இல் அகமதாபாத் குஜராத் பல்கலைக்கழகத்தில் வி. எஸ். ஜோஷி எழுதிய முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதி சுயம்பு எண்களைப் பற்றியது. இதே காலத்தில் கடல் கடந்து இன்னொன்று நடந்தது. கொலம்பியா நாட்டுக்காரரான பெர்னார்டோ ரெக்காமான் இதே எண்களைப் பற்றிய ஒரு கணக்கை 'அமெரிக்கன் மேத்தமேட்டிக்கல் மன்த்லி' இதழில் கேட்டார். தீர்வு 1974-இல் வெளியானது. அதனால் கொலம்பிய எண்கள் என்ற பெயரும் இவற்றுக்கு உண்டு. உலகின் இரண்டு மூலைகளில் இரண்டு பேர் ஒரே கேள்விக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். புதிர்ப் பகுதியோடு மடிந்துபோகிற கேள்விகளுக்கு இப்படி நடப்பதில்லை.

1975 மார்ச்சில் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் மார்ட்டின் கார்ட்னர் தம் பத்தியில் கப்ரேக்கரையும் அவர் எண்களையும் எழுதினார். தேவ்லாலிக்கு வெளியே உலகம் அவரை அறிந்தது அதன்பின்தான். அப்போது அவருக்கு எழுபது வயது. ஓய்வூதியம் போதாமல் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவர். 1960களின் நடுவிலேயே மனைவியை இழந்தவர். 1982-இல் இத்தாலியக் கணிதவியலாளர் உம்பெர்ட்டோ சன்னியர், சுயம்பு எண்கள் மொத்த எண்களில் ஒரு நிலையான பங்காகவே எங்கும் பரவியிருக்கின்றன என்பதை நிறுவினார். நம் பத்து இலக்க எழுத்தில் அது நூற்றுக்கு ஏறத்தாழ 9.78.

நீல் ஸ்லோன் என்ற பெயரை இத்தொடரில் முன்பே பார்த்திருக்கிறோம். 1964-இல் கார்னெல் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது எண் வரிசைகளைச் சேகரிக்கத் தொடங்கி, 1973-இல் அவற்றை நூலாக்கி, 1996-இல் இணையத்தில் களஞ்சியமாகத் திறந்தவர். அங்கே சுயம்பு எண்களுக்கு ஏ003052 என்று ஓர் எண் உண்டு. 1, 2, 4, 8, 16, 23, 28 என்று போகும் இலக்கக் கூட்டல் வரிசைக்கு ஏ004207.

ஆண்டுகளில் சுயம்புகளைத் தேடுவோருக்கு ஒரு குறிப்பு: 1974, 1985, 1996, 2007 என்று பதினொன்று பதினொன்றாக வந்த ஒழுங்கு, இரண்டாயிரத்தின் எல்லை தாண்டியதன் அதிர்ச்சியில் உடைந்தது. 2018 சுயம்பு அல்ல. 2008 அதன் தாய். 2007-க்குப் பிறகு வந்த சுயம்பு ஆண்டு 2022. அடுத்தது 2033.

கப்ரேக்கர் 1986 ஜூலை 4 அன்று தேவ்லாலியில் மறைந்தார். அதே 1986-இல் கேம்பிரிட்ஜ் மாணவர் இதழான 'யுரேக்கா'வில் ஜான் கான்வே ஒரு கட்டுரை வெளியிட்டார். 1, 11, 21, 1211, 111221 என்று, தன்னிடம் என்ன இலக்கம் எத்தனை இருக்கிறது என்பதைத் தானே படித்துச் சொல்லி வளரும் வரிசை ஒன்றைப் பற்றியது அது. பார்க்கக் குழந்தை விளையாட்டு. ஆனால் அதன் வளர்ச்சி வேகத்தைச் சொல்ல 71-ஆம் படிச் சமன்பாடு ஒன்று வேண்டியிருந்தது. ஹைட்ரஜன் முதல் யுரேனியம் வரை 92 தனிமங்களின் பெயரையும் கான்வே அதற்குள் கொண்டுவந்தார். ஏன் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)